சரளா மிஸ்ஸின் பாஸ்வேர்டு பீரியட்

அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் இருக்கிற பெண்கள் பள்ளியில் படித்த யாரிடமாவது, "உன் பாஸ்வேர்டு என்னம்மா?" என்று விளையாட்டுக்குக் கேட்டுப் பாருங்கள். முறைப்பாள். கட்டிய புருஷன் கேட்டாலும் சரி, பெற்ற தாய் கேட்டாலும் சரி, முறைப்பு முறைப்புதான். கூடவே, "சொல்ல மாட்டேன். அதுக்காக உன்மேல பாசம் இல்லன்னு அர்த்தம் இல்ல" என்று ஒரு பேச்சும் வரும். முறைப்பு, பேச்சு இரண்டுமே சரளா மிஸ் கற்றுக்கொடுத்தவை. முறைக்கக் கற்றுக்கொடுப்பது அவளுக்குப் பெரிய காரியமே இல்லை, அது பிறவியிலேயே வந்தது. அந்தப் பேச்சைக் கண்டுபிடிக்கத்தான் பாடாய்ப் பட்டாள்.

சரளா பிறந்து வளர்ந்ததெல்லாம் அல்சூர்தான். அப்பா சாமிநாதன் பட்டாளத்துப் பணிமனையில் பெயின்டர். அம்மா மரகதம். நடுவில் ஒரு முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள் என்று கன்னடத்தில் வட்டாரா என்பார்களே, அப்படி ஒன்றில் குடியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கதவைப் பூட்டுவார்கள், ஆனால் சாவியைக் கையோடு கொண்டு போக மாட்டார்கள். மரகதம் வீட்டு நிலைக்கதவின் உள்பக்கம் வரிசையாக ஆணி அடித்திருந்தது. ஆளுக்கு ஓர் ஆணி. பால் காய்ச்ச, மழை வந்தால் துணி எடுக்க, பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறக்க, யார் வேண்டுமானாலும் யார் சாவியை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருமுறை புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் சாவியைக் கையிலேயே எடுத்துப் போயிற்று. "அந்த வீட்ல அப்படி இன்னா புதையல் இருக்குது?" என்று குழாயடியில் பேச்சு கிளம்பியது. பாவம், அவர்களோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுவாரமே அவர்களாகவே வந்து ஓர் ஆணி அடித்துக்கொண்டார்கள்.

டைப்ரைட்டிங் முடித்து, எம்.ஜி. ரோடுப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்து, அந்தப் பெண்கள் பள்ளி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள் சரளா. தொண்ணூற்றொன்பதில் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. தலைமையாசிரியை டோரதி மேடம் அவளைக் கூப்பிட்டு, "சரளா, இதை ஆன் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் மேடம்."

"அப்போ நீதான் கம்ப்யூட்டர் டீச்சர்" என்றார் மேடம். இன்டர்வியூ அவ்வளவுதான்.

பள்ளியில் வேறு எந்த அறைக்கும் இல்லாத மரியாதை அந்த அறைக்குக் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்போடு போனால் வைரஸ் வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். சரளாவும் அதை மறுக்கவில்லை, தரை சுத்தமாக இருக்கிறதே! முதல் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். ஆர்வக்கோளாறில் யாரோ ஒருத்தி மவுசுக்கும் பொட்டு வைத்துவிட்டாள். குங்குமம் உள்ளே இருக்கும் உருண்டையில் ஒட்டிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு அம்புக்குறி நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. சரளா ஊக்கால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். சுரண்டுகிற நேரம் முழுக்க அவள் வாயில் வந்த வசவுகளைப் பிள்ளைகள் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்று யாராவது அவளைப் பற்றிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "வாயும் தங்கம்தான்" என்பாள்.

பாடப்புத்தகத்தில் கம்ப்யூட்டருக்கு எத்தனை தலைமுறை என்று இருந்தது. பிளாப்பியில் எவ்வளவு கொள்ளும் என்று இருந்தது. இணையம் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. பிள்ளைகளோ அந்தப் பத்திக்குள்ளேயே போய்க் குடியேறிவிட்டார்கள். பஜார் தெருவில் சீனு என்பவன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஒட்டுப்பலகை அடித்த சின்னச் சின்ன அறைகள், அதற்குப் பூப்போட்ட திரைச்சீலைகள். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், இன்றைய ஃபேஸ்புக் மாதிரி ஆர்குட் என்று ஒன்று வந்து சேர்ந்ததும் பத்தாம் வகுப்பே அங்கேதான் கிடந்தது. பதினெட்டு வயசு ஆகாதவர்களுக்குக் கணக்கு கிடையாது என்று அதில் சட்டம். அதனால் என்ன, எல்லாரும் பதினெட்டு வயசானார்கள். "வாங்கடி பதினெட்டு வயசு அம்மணிங்களா, ஹோம்வொர்க் எங்கே?" என்று கேட்பாள் சரளா. கேட்டாளே தவிர, அதைப் பற்றி அதற்கு மேல் அவள் கவலைப்படவில்லை. பள்ளிக்கு வெளியே நடப்பது, பாடத்திலும் இல்லை, நமக்கென்ன என்றுதான் இருந்தாள்.

அடுத்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பத்தாம் வகுப்பு மமதாவின் அப்பா தலைமையாசிரியை அறைக்குள் புயலாக நுழைந்தார். கன்னடக்காரர், சிட்டி பஸ் டிரைவர். அல்சூரில் இருபது வருஷம் பஸ் ஓட்டியதில் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கையில் ஒரு காகிதம். ஆர்குட்டில் ஊர்ப்பட்ட ஆண்கள் சேர்ந்திருந்த ஒரு குழுவில் வந்த செய்தியை யாரோ உறவுக்காரப் பையன் அச்செடுத்துக் கொடுத்திருந்தான். "என் ஃப்ரெண்ட் மமதாவுக்குப் பேச ஆள் வேணும், போன் பண்ணுங்க" என்று எழுதி, கீழே அவர்கள் வீட்டு போன் நம்பர். எழுதியவள் பெயர் ரூபினி. பக்கத்திலேயே இரட்டைப் பின்னலோடு ரூபினியின் போட்டோ.

"என் பொண்டாட்டி ஹுஷார் இல்லாம படுத்திருக்கா மேடம். போன் அடிச்சிக்கினே இருக்குது. எடுத்தா மமதா இருக்காளா, மமதா இருக்காளான்னு எவனெவனோ கேக்கிறான், கலீஜா பேசறான்! என் பொண்ணு சாப்பிடல, வெளிய வரல. இது பொண்ணுங்க படிக்கிற இஸ்கூல்தானே?" அவர் குரல் உடைந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

டோரதி மேடம் ரூபினியைக் கூப்பிட்டு, தன் அறைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்து அந்தச் செய்தியை அழிக்கச் செய்தார். ரூபினி தன் பாஸ்வேர்டைத் தட்டியதும் கணக்கு திறந்துகொண்டது. மேடத்துக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெள்ளிக்கிழமை மத்தியானம் வாருங்கள், உங்கள் எதிரிலேயே இவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புகிறேன் என்று மமதாவின் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. ஜனவரியில் டி.சி. வாங்கிய பெண்ணை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது, பரீட்சையும் எழுத முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ரூபினியை இழுத்துக்கொண்டு சரளா வீட்டுக்கு வந்தாள் அவள் அம்மா லட்சுமம்மா. தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசில் பெருக்கித் துடைக்கிற வேலை. யூனிஃபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"மிஸ், எங்க ஜனத்துல பத்தாவது எழுதப் போறது இது ஒண்ணுதான். நான் தொடைக்கிற ஆபீஸ்ல ஒரு நாள் இது நாற்காலியில உக்காரணும்னு நெனச்சிக்கினு இருக்கேன். டீசி குடுத்துட்டா என்கூட இதுவும் தொடப்பம்தான் புடிக்கணும்" என்று சொல்லி அழுதாள்.

"நான் போடல மிஸ்" என்றாள் ரூபினி. நான்கு நாளாக அதையே சொல்லிச் சொல்லிக் குரல் கம்மியிருந்தது.

"சரி, நீ போடல. உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் மிஸ்." என்ன கேள்வி இது என்பது போல ரூபினி அவளைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும்னா?"

"நம்ம கிளாஸ்ல பாதி பேருக்கு. இளவேனிலுக்கு, வள்ளியம்மாவுக்கு, மமதாவுக்கு..."

"மமதாவுக்கே தெரியுமா? ஏன்டி சொன்னே?"

"அவ அவளோடத சொன்னா மிஸ். அப்புறம் நான் சொல்லாம இருந்தா இன்னா நெனைப்பா? பாஸ்வேர்டு சொன்னாத்தான் மிஸ் க்ளோஸ் ஃப்ரெண்டு."

"மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே!"

"மாத்தினா கா விட்டுடுவாங்க மிஸ். அப்படி இன்னாடி ஒளிக்கிறேன்னு கேப்பாங்க."

சரளாவுக்கு வந்ததே கோபம்! அறிவுகெட்ட கழுதைகளா என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் திட்ட வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மங்களம் வாசலில் நின்றபடியே உள்ளே கையை விட்டு, எதிர்வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, "மரகதக்கா, அவங்க வீட்டு லைட்டைப் போட்டுட்டு வந்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திறந்த வாயோடு சரளா அப்படியே நின்றுவிட்டாள். ஆடுகிற மற்ற சாவிகளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைகளும் இதே மாதிரி வட்டாராவில்தானே வளர்ந்தார்கள்! பூட்டி வைக்க ஒரு பெட்டி உண்டா, சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா? வாழ்க்கையில் முதன்முதலாக அவர்களுக்கே அவர்களுக்கென்று கிடைத்தது அந்த நாலெழுத்துதான். கிடைத்ததும் என்ன செய்தார்கள்? ஊர் வழக்கப்படி ஆணியில் மாட்டிவிட்டார்கள். நாற்பது வருஷமாக அம்மா செய்வதைத்தான் பிள்ளைகளும் செய்திருக்கிறார்கள், யாரைத் திட்டுவது? கம்ப்யூட்டரின் தலைமுறையைச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாஸ்வேர்டை மாத்தாதே" என்றாள் ரூபினியிடம். "மத்தியானம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்கூல் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காரு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் டோரதி மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், பத்தாவது பி-யில எனக்கு ஒரு பீரியட் வேணும். நீங்களும் வந்து கடைசி பெஞ்சில உக்காரணும்."

"எதுக்கு? பேர் அவளோடது, போட்டோ அவளோடது, அக்கவுண்ட் அவளோடது. மத்தியானம் அந்த ஃபாதர் வர்றார் சரளா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"டி.சி.யில மத்தியானம் கையெழுத்துப் போடுங்க மேடம். காலையில ஒரு பீரியட் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், எழுந்து வந்தார். கண்டிப்பானவர்தான், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர்.

வகுப்பு கப்சிப்பென்று இருந்தது. மமதா இடம் காலி. ரூபினி இடமும் காலி. ரூபினியின் இடத்துக்குப் பக்கத்தில் இளவேனில் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பெண். நாலாம் வகுப்பிலிருந்து ரூபினியும் அவளும் ஒரே டிபன் பாக்சில் சாப்பிடுகிறவர்கள்.

"பேனா, பென்சில் எல்லாம் பைக்குள்ள போடுங்க. யாரும் எதையும் குறிச்சுக்கக் கூடாது. இன்னிக்கு எழுதறது போர்டுல மட்டும்தான்" என்றாள் சரளா. "உங்க பாஸ்வேர்டை நான் கேக்கல. பக்கத்துல உக்காந்திருக்காளே உன் உயிர்த்தோழி, அவளோடது உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா வந்து எழுது. பேரைப் போட்டு எழுது."

யாரும் அசையவில்லை. கடைசி பெஞ்சை ஒரு பார்வை, சரளாவை ஒரு பார்வை.

"ஏன்டி, இத்தனை நாள் ஒருத்தி காதுல ஒருத்தி ஓதினீங்களே, இப்போ இன்னா வெக்கம்? மேடம் கடிக்க மாட்டாங்க, வாங்க."

முதலில் எழுந்தது வள்ளியம்மா. பயம் என்றால் என்ன என்று கேட்கிற ஜாதி. போர்டில் தன் தோழியின் பெயரை எழுதி, பக்கத்தில் பாஸ்வேர்டையும் எழுதினாள். "ஏய்!" என்று கத்திக்கொண்டே அந்தத் தோழி ஓடிவந்து வள்ளியம்மாவின் பாஸ்வேர்டை எழுதினாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு வந்தார்கள். சாக்பீஸ் போதவில்லை. அம்மா பெயர், நாய்க்குட்டி பெயர், வீட்டு போன் நம்பர், தினம் ஏறி வரும் பஸ் நம்பர் என்று போர்டு நிரம்பி வழிந்தது. கம்ப்யூட்டர் கணக்கே இல்லாத பிள்ளைகளுக்குக்கூடத் தோழியின் பாஸ்வேர்டு தெரிந்திருந்தது, என்ன சொல்ல!

"மிஸ், எனக்கு இன்னொண்ணும் தெரியும். எழுதட்டா?" என்றாள் வள்ளியம்மா.

"எழுது."

போர்டின் மூலையில் "எச்.எம்." என்று எழுதி, பக்கத்தில் பள்ளி தொடங்கிய வருஷத்தை எழுதினாள்.

கடைசி பெஞ்ச் கிறீச்சிட்டது. டோரதி மேடம் எழுந்து நின்றிருந்தார். "யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான் மேடம். கிளார்க் சார் கேட்டப்போல்லாம் உங்க ரூம்ல இருந்தே கத்திச் சொல்லுவீங்களே. எங்க கிளாஸ் ஜன்னல் வரைக்கும் கேக்குது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சரளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

"மேடம், இன்னிக்கு உங்க பேர்ல கல்வி அதிகாரி ஆபீசுக்கு ஒரு கன்னாபின்னா மெயில் போச்சுன்னு வைங்க. பேர் உங்களோடது, அக்கவுண்ட் உங்களோடது. நாங்க யாரைக் கேக்கிறது?" என்றாள் மெதுவாக.

மேடம் போர்டில் இருந்த அந்த வருஷத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

"ரூபினியோடது யாருக்கெல்லாம் தெரியும்? கையைத் தூக்குங்க" என்றாள் சரளா. வகுப்பில் பாதிக் கைகள் எழுந்தன. ஒருத்தி வந்து அதையும் எழுதினாள். காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கை மட்டும் எழவில்லை. இளவேனில் குனிந்து மேசையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். ரூபினியின் பாஸ்வேர்டு ஊருக்கெல்லாம் தெரியுமாம், உயிர்த்தோழிக்குத் தெரியாதாம். சரளாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் ஊர் சாவி பூரா ஆணியில தொங்குது" என்றாள். "ஆனா அங்க எங்கம்மா உக்காந்திருக்காங்க. யார் எடுத்தா, எப்போ திருப்பி மாட்டினான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இங்க அப்படிப் பார்க்க யாருமே இல்லடி. உள்ள போனவ உன் மூஞ்சியை மாட்டிக்கிட்டு வெளிய வருவா. அவ எவனை என்ன சொன்னாலும் நீ சொன்னதாத்தான் ஆகும். அதே மாதிரி, இன்னொருத்தி மூஞ்சியை மாட்டிக்கிட்டு நீ பேசினா, அதுவும் நீ பேசினதுதான். யாரும் பார்க்கலன்னா செய்யலன்னு ஆயிடாது. இப்போ அவங்கவங்க வந்து அவங்கவங்களோடத அழிங்க. சாயங்காலம் எல்லாரும் என்கூட சீனு கடைக்கு வந்து புதுசா மாத்தறீங்க."

வரிசையாக வந்து அழித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டோரதி மேடமும் எழுந்து வந்து, புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள் படுவதைக்கூடப் பார்க்காமல், தன் வருஷத்தை அழித்தார். போர்டில் மிச்சம் நின்றது ரூபினி பெயர் ஒன்றுதான்.

"இதை நான் அழிக்க மாட்டேன்" என்று சொல்லி டஸ்டரை மேசைமேல் வைத்தாள் சரளா. "ரூபினியை வீட்ல உக்கார வெச்ச கை எதுவோ, அந்தக் கையே வந்து அழிக்கட்டும்."

பெல் அடித்தது. யாரும் வரவில்லை. சரளா திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். நடை மிடுக்காகத்தான் இருந்தது, மனசுக்குள் மட்டும் கேள்விமேல் கேள்வி. எழுந்து வருவாளா? வராவிட்டால் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க வேண்டியதுதானா? வருவாள், வந்தே தீருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் மமதாவைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். ஆபீஸ் வாசலில் லட்சுமம்மாவும் ரூபினியும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ரூபினி எழுந்து நின்றாள். மமதா அவளைப் பார்க்காமல் உள்ளே போனாள். மேசைமேல் டி.சி. தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

காலையில் நடந்ததை டோரதி மேடம் அவருக்கு எடுத்துச் சொன்னார். தன் பாஸ்வேர்டையும் போர்டில் பார்த்ததை மறைக்காமல் சொன்னார், அதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

"எல்லாருக்கும் தெரியும், சரி" என்றார் மமதாவின் அப்பா. "ஆனா எல்லாரும் சேர்ந்தா போட்டாங்க? போட்டது ஒருத்திதானே? அந்த ஒருத்தி யாரு?"

நியாயமான கேள்வி. சரளா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ரூபினி பாஸ்வேர்டு எனக்கும் தெரியும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் மமதா. "அவ என்னோட நல்லாத்தான் இருந்தா."

அப்போது வாசலில், "மே ஐ கம் இன் மேடம்?" என்று ஒரு குரல். இளவேனில் நின்றிருந்தாள். கையில் டஸ்டர். முழங்கை வரைக்கும் சாக்பீஸ் தூள்.

"அழிச்சிட்டேன் மிஸ்" என்றாள்.

இளவேனில் மமதாவின் பக்கம் திரும்பினாள். "மொதல்ல எனக்கு மட்டும்தான்டி அவ பாஸ்வேர்டு தெரியும். வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொன்னா. அப்புறம் நீ கேட்டதும் உனக்கும் சொன்னா. அப்புறம் கிளாஸ் பூரா. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரட்டும்னுதான் போட்டேன். இப்படிக் கண்டவனுங்க போன் பண்ணுவாங்கன்னு சத்தியமா தெரியாது." அதற்கு மேல் அழுகைதான்.

டோரதி மேடம் அந்த டி.சி.யைக் கையில் எடுத்தார். பேனாவைத் திறந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று சரளாவுக்குத் தெரிந்தது.

"மேடம், அந்தப் பேப்பர்ல இன்னொரு பேரை எழுதறதுக்கா காலையிலேர்ந்து இவ்ளோ பேஜார் பட்டோம்? யார் பேரும் சொல்லாம, அவளா நடந்து வந்து சொல்லியிருக்கா. இதுக்கு டி.சி. குடுத்தா, அடுத்த தடவை ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா."

மேடம் மமதாவின் அப்பாவைப் பார்த்தார். அவர் இளவேனிலிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்கு வரணும். என் பொண்டாட்டி எதிர்ல நின்னு, நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். உன் அப்பா அம்மாவோட வரணும்."

"வர்றேன் அங்கிள்."

"நானும் வர்றேன் சார்" என்றாள் சரளா. "போன் நம்பரை மாத்த எக்ஸ்சேஞ்சுக்கும் நானே உங்ககூட வந்து எழுதிக் குடுக்கறேன்."

டோரதி மேடம் டி.சி.யை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வாசலில் இருந்த லட்சுமம்மாவுக்குக் கிழிகிற சத்தம் கேட்டது. கேட்டதும் அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது.

சாயங்காலம் சீனுவின் கடை திமிலோகப்பட்டது. பத்தாவது பி மொத்தமும் வாசலில். "இன்னா மிஸ், கல்யாண வீட்டுக் கும்பலா?" என்று வாயைப் பிளந்தான் சீனு. சரளா பூப்போட்ட திரைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கட்டினாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து மாற்ற வேண்டும், அப்போது மற்றவர்கள் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். ஒருத்தி ஓரக்கண்ணால் திரும்பினால், "கண்ணு நோண்டிடுவேன்" என்று அதட்டல். அல்சூர் பஜாரில் காய் வாங்க வந்த ஜனங்களெல்லாம், இத்தனை பெண்கள் எதற்கு வரிசையாகத் தெருவை முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று புரியாமல் போனார்கள். அன்று ஆரம்பித்த அந்த வரிசை, பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய பத்தாம் வகுப்போடு நடந்தது. இணையத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, தப்பு நடந்தால் யாரிடம் ஓடிவர வேண்டும் என்று ஒரு பாடமே அதைத் தொடர்ந்து வளர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

அன்றைக்குக் கடைசியாக உட்கார்ந்தவள் ரூபினி. மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். இளவேனிலும் மமதாவும் பேசிக்கொள்ளாமல், ஆனால் ஒரே பக்கமாக நடந்து போனதைச் சரளா பார்த்தாள். ரூபினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மாத்திட்டேன் மிஸ்."

"சந்தோஷம்."

நாற்காலி நகர்ந்தது. ரூபினி பக்கத்தில் வந்து, அவள் காதோரம் எக்கி நின்றாள்.

"மிஸ், இனிமே யாருக்கும் சொல்ல மாட்டேன். இளவேனிலுக்கும் மாட்டேன், மமதாவுக்கும் மாட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லிடறேன் மிஸ்."

சரளா கோபப்படத்தான் நினைத்தாள், முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? இருப்பதிலேயே பெரியதை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். சரளா இரண்டு கையாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னே, பல்லைத் தட்டிடுவேன் கழுதை!"

ரூபினியின் முகம் வாடிப்போயிற்று. "என்மேல இன்னும் கோவமா மிஸ்?"

சரளா கைகளை எடுத்தாள். என்ன சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு பேச்சை அவள் வட்டாராவில் யாரும் யாரிடமும் பேசியதில்லை. யோசித்து, தட்டுத் தடுமாறிச் சொன்னாள்:

"எனக்கும் சொல்லாதே. நீ சொல்லலன்னா, அதுக்காக என்மேல உனக்குப் பாசம் இல்லன்னு அர்த்தம் இல்லடி."

ரூபினி அவளையே பார்த்தாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பிப் போய், கணக்கை மூடிவிட்டு வந்தாள்.